பாம்பு பேரில் இருக்கும் மூலப்பத்திரம்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்கிப் போட்ட 5 சென்ட் மனையில வீடு கட்டலாம்னு முடிவாச்சு. வில்லங்கம் பார்த்தாச்சு, மூலப்பத்திரம் பார்த்தாச்சு, பட்டாவும் அப்பா பேருக்கு மாறியாச்சு. மேஸ்திரியோட மனையைப் போய்ப் பார்த்தா, மூலையில இடுப்பு உயரத்துக்கு ஒரு புத்து. மஞ்சள், குங்குமம் எல்லாம் யாரோ ஏற்கனவே வச்சிருக்காங்க. மேஸ்திரி ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு, "புத்தை இடிக்கணும்னா வேற ஆளைப் பாருங்க தம்பி."

நானும் பி.இ. படிச்ச மனுஷன்தானே, அம்மாகிட்ட புத்து கட்டறது கரையான்தான், பாம்பு சும்மா குடி வர்றதோட சரி, பாலெல்லாம் குடிக்காது அப்படின்னு ஒரு லெக்சர் கொடுத்தேன். அம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "அது இருந்த எடம்டா. நாமதான் இப்ப வர்றோம். கேட்டுட்டுத்தான் வரணும்"னு சொல்லிட்டுப் பால் வாங்கக் கிளம்பிட்டாங்க. அதாவது சார்பதிவாளர் ஆபீஸ் கணக்குல மனை அப்பா பேர்ல. அம்மா கணக்குல மூலப்பத்திரம் பாம்பு பேர்ல :-)

இதை ஏன் சொல்றேன்னா, இடுப்புக்கு மேல மனுஷி, கீழே பாம்புன்னு உலகம் முழுக்க இருக்கிற கதைகளைக் கொஞ்ச நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன். அதுல நிறையக் கதைகள் பேய்க்கதை இல்லை, பத்திரப் பதிவுன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்தது. அம்மா சொன்ன அந்த ஒரு வரி, அதை உறுதிப்படுத்தின மாதிரி இருந்துச்சு.

முதல்ல ஹெரோடோட்டஸ். கி.மு. 5-ம் நூற்றாண்டு கிரேக்கர். கேள்விப்பட்டதை எல்லாம் எழுதி வச்சுட்டு, "நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்"னு போற டைப். (அந்தக் காலத்து வலைப்பதிவர்னே சொல்லலாம்.) தன்னோட வரலாற்று நூலின் நாலாவது பாகத்துல, கருங்கடலுக்கு வடக்கே, இன்னிக்கு உக்ரைன் இருக்கிற பக்கம் வாழ்ந்த சித்தியர்கள் எங்கிருந்து வந்தாங்கன்னு கேட்டு, பல கதைகளை அடுக்கறாரு. அதுல ஒண்ணு, கருங்கடல் ஓரத்துல குடியேறின கிரேக்கர்கள் சொன்னது.

ஹெராக்ளீஸ் மாடுகளை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் வர்றான். கடுங்குளிர், பனி. சிங்கத்தோலைப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடறான். எழுந்து பார்த்தா தேர்க்குதிரைகளைக் காணோம். தேடிக்கிட்டே போனா, ஒரு குகையில இடுப்புக்குக் கீழே பாம்பாக இருக்கிற ஒரு பெண். "குதிரை என்கிட்டதான் இருக்கு. என்னோட நீ இருந்தாத்தான் தருவேன்" அப்படிங்கறா. அவனும் இருக்கான். அவனைக் கூடவே வச்சுக்கணும்னு அவ நாளைக் கடத்தறா. கடைசியில குதிரைகளைக் கொடுத்துட்டுக் கேட்கிறா: "எனக்கு உன்னால மூணு பிள்ளைங்க. பெரியவனான பிறகு இங்கேயே குடி வைக்கவா, உன்கிட்ட அனுப்பவா?" அவன் ஒரு வில்லையும், தங்கக் கிண்ணம் தொங்கற ஒரு இடுப்புக் கச்சையையும் கொடுக்கிறான். எவன் இந்த வில்லை என்னை மாதிரி வளைச்சு, கச்சையையும் கட்டறானோ, அவனுக்கே இந்த நாடு. மத்தவனை எல்லாம் ஊரை விட்டு அனுப்பிடு. கடைக்குட்டி சித்தஸ் ஜெயிக்கிறான், சித்திய ராஜாக்கள் எல்லாம் அவன் வாரிசு.

கவனிச்சீங்களா, அந்த நாடு ஏற்கனவே அவளோடது. குகையும் அவளோடது, காடும் அவளோடது. வந்தவன்கிட்ட இருந்தது வில்லும் குதிரையும் மட்டும்தான். கதை முடியறப்ப நாடு வில்லு வளைச்சவன் கைக்குப் போயிடுது, அவளுக்கு ஒரு பேர் கூட ஹெரோடோட்டஸ் கொடுக்கல. மூணு பிள்ளைங்க பேரையும் சொல்றாரு, அம்மா பேரு மட்டும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கதையை எல்லாம் சொல்லிட்டு, தான் அதிகமா நம்பறது வேற ஒண்ணைன்னு அவரே சொல்றாரு. சித்தியர்கள் ஆசியாவுல நாடோடிகளா இருந்தாங்க, மசாகெட்டர்கள் நெருக்கினதால ஆற்றைத் தாண்டி வந்து கிம்மேரியர்கள் நிலத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆக வந்தேறிகள்! சித்தியர்களே தங்களைப் பத்திச் சொல்லிக்கிட்ட கதையில பாம்பு இல்லை. ஆனா அதுலயும் முதல் அரசனோட அம்மா அந்த மண்ணுல ஓடற போரிஸ்தனீஸ் ஆற்றின் (இன்னிக்கு நீப்பர்) மகள். அப்பா வானத்து ஜீயஸ், அம்மா உள்ளூர். அதே டெம்ப்ளேட்.

கிரிமியாவுல கெர்ச் ஊருக்குப் பக்கத்துல 1830-ல குல்-ஓபா மேட்டைத் தோண்டினப்ப, கால்களுக்குப் பதிலா பாம்புகள் நெளியற ஒரு தேவியோட தங்கத் தகடுகள் கிடைச்சுது. சித்தியன் ஒருத்தன் வில்லுக்கு நாண் பூட்டற காட்சி செதுக்கின சின்னக் கலசமும் அங்கேயே கிடைச்சுது. அது இந்த வில் போட்டிதான்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. கலசம் இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் மியூசியத்துல இருக்கு.

பாம்பு ஏன்? இதுக்கும் ஹெரோடோட்டஸ்கிட்டயே துப்பு இருக்கு. கி.மு. 546 வாக்குல லிடியா அரசன் குரோசஸ், பாரசீகச் சைரஸோட மோதறான். அப்போ தலைநகர் சார்டிஸைச் சுத்தி எங்கே பார்த்தாலும் பாம்பு. மேய்ச்சலை விட்டுட்டு வந்து குதிரைகள் அந்தப் பாம்புகளைத் தின்னுச்சாம். டெல்மெசஸ் ஊர் குறிசொல்லிகள்கிட்ட அர்த்தம் கேட்டா, பாம்பு மண்ணோட பிள்ளை, குதிரை வெளியே இருந்து வர்ற எதிரி, அந்நியன் உள்ளூர்க்காரனை அடக்கப் போறான்னு சொன்னாங்க. பதில் வந்து சேர்றதுக்குள்ள குரோசஸ் சிறையில!

பாம்பு = இருந்தவன், குதிரை = வந்தவன். இதைப் படிச்சுட்டு மறுபடி அந்தக் குகைக்கதைக்குப் போங்க. அவ ஒளிச்சு வச்சது எதை? குதிரைகளை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

வந்தவன் கதை இப்படின்னா, "நாங்க வரவே இல்ல, இங்கேயே முளைச்சோம்"னு சொன்னவங்க ஏதென்ஸ்காரங்க. அவங்களோட முதல் ராஜா கெக்ரோப்ஸ், இடுப்புக்குக் கீழே பாம்பு. அப்பா அம்மா கிடையாது, நேரா மண்ணுல இருந்து வந்தவன். இன்னொரு ஆதி ராஜா எரிக்தோனியஸும் மண் பெத்த பிள்ளை. ஏதீனா தேவி அந்தக் குழந்தையைப் பெட்டியில வச்சு, திறக்கக் கூடாதுன்னு சொல்லி கெக்ரோப்ஸ் பெண்களிடம் கொடுக்க, அவங்க திறந்து பார்த்தா உள்ளே பாம்பு. பயத்துல பைத்தியம் பிடிச்சு அக்ரோபோலிஸ் மேல இருந்து குதிச்சுட்டாங்கன்னு கதை.

இதை வெறும் பாட்டி கதையா அவங்க வச்சுக்கல. அக்ரோபோலிஸ் கோயில்ல ஒரு பெரிய பாம்பு காவல் இருக்குன்னு நம்பி, மாசா மாசம் அதுக்குத் தேன் பணியாரம் படைச்சாங்க. கி.மு. 480-ல பாரசீகப் படை வர்ற நேரத்துல, வச்ச பணியாரம் வச்சபடியே இருக்குன்னு பூசாரிணி சொன்னா. அவ்வளவுதான், தேவியே ஊரை விட்டுப் போயாச்சுன்னு ஜனங்க இன்னும் வேகமாக ஊரைக் காலி பண்ணினாங்க. (பணியாரம் மேட்டர்ல அரசியல் தலைவர் தெமிஸ்டாக்ளீஸின் கை இருந்ததுன்னு பிற்காலத்துல புளூட்டார்க் எழுதறாரு. தேர்தல் நேரத்துப் பிள்ளையார் பால் குடிச்ச மாதிரி போல!)

இந்த "மண்ணின் மைந்தன்" பெருமைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கி.மு. 451-ல பெரிக்ளீஸ் கொண்டு வந்த சட்டப்படி அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்களா இருந்தாத்தான் பிள்ளை குடிமகன். வெளியூர்ல இருந்து வந்து தங்கினவங்களுக்கு ஓட்டு கிடையாது, நிலம் வாங்க முடியாது, தங்கறதுக்குத் தனி வரி வேற. ஸ்டகிராவுல பிறந்த அரிஸ்டாட்டில் ஏதென்ஸ்ல பள்ளிக்கூடமே நடத்தியும் கடைசி வரை வெளியூர்க்காரர்தான். ஆன்சைட்ல வருஷக்கணக்கா விசா புதுப்பிச்சுக்கிட்டு இருக்கிற நம்மாளுங்களுக்கு இந்த வலி புரியும். பெரிக்ளீஸுக்கும் ஒரு நாள் புரிஞ்சுது. கொள்ளை நோயில ரெண்டு மகன்களும் போனதுக்கு அப்புறம், மிலேட்டஸ் ஊர் அஸ்பேசியாவுக்குப் பிறந்த பையனைக் குடிமகனாக்க, தான் போட்ட சட்டத்துக்கு விலக்குக் கேட்டு நின்னாரு. கொடுத்தாங்க.

பாம்பு உடம்பு இருந்தாலே இந்தக் கணக்குதான்னு நான் சொல்ல வரல. ஹெசியட் சொல்ற எக்கிட்னாவும் பாதிப் பெண், பாதிப் பாம்புதான். அவ பெத்தது எல்லாம் ராட்சசக் கூட்டம், ஒருத்தனும் ராஜா இல்லை. சீனாவோட ஃபூசி, நூவா ஜோடி வால் பின்னி நிப்பாங்க, கையில காம்பஸும் தச்சர் மட்டமும். பார்த்தா இன்ஜினியர் ஃபர்ஸ்ட் இயர் டிராயிங் கிளாஸ் ஞாபகம் வரும். அவங்க உலகத்தையே ஒழுங்கு பண்ணினவங்க, இந்த 5 சென்ட் விவகாரம் எல்லாம் அவங்ககிட்ட இல்லை. விட்டுடுவோம்.

நிலம், பத்திரம்னு வந்தா பிரெஞ்சு தேசத்து மெலுசின் கதையை விடவே முடியாது. ழான் தாராஸ் என்பவர் 1393 வாக்குல எழுதி முடிச்சது. காட்டு ஊற்று ஓரத்துல ரேமாந்தன் ஒரு அழகியைப் பார்க்கிறான். கல்யாணத்துக்கு அவ போடற கண்டிஷன், சனிக்கிழமை மட்டும் என்னைப் பார்க்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடியே அவ ஐடியா கொடுக்கிறா: "உன் பிரபுகிட்ட ஒரு மான் தோல் எவ்வளவு இடத்தைச் சுத்தி வருமோ அவ்வளவு நிலம் மட்டும் கேளு." அவரும் சிரிச்சுக்கிட்டே பத்திரம் எழுதிக் கொடுக்கிறாரு. தோலை நூல் மாதிரி மெல்லிசா வெட்டி விரிச்சா ஒரு பெரிய எஸ்டேட்டே உள்ளே வந்துடுது! (கார்த்தேஜ்ல டிடோ மாட்டுத்தோலை வச்சுப் பண்ணின அதே டகால்டி.) அந்த இடத்துல அவளே ஆள் வச்சுக் கட்டினதுதான் லுசிஞான் கோட்டை. பத்து பிள்ளைங்க, பெரும்பாலானவங்களுக்கு முகத்துல ஏதாவது கோளாறு. ஒருத்தனுக்குப் பன்றி மாதிரி பல், ஒருத்தனுக்கு மூணு கண்ணு.

ஒரு சனிக்கிழமை ரேமாந்தன் கதவுல கத்தியால ஓட்டை போட்டுப் பார்க்கிறான். தொட்டியில குளிச்சுக்கிட்டு இருக்கா, தொப்புளுக்குக் கீழே பெரிய பாம்பு வால். பார்த்ததுக்குக் கூட அவ போகல. பின்னாடி ஒரு நாள் கோபத்துல எல்லார் முன்னாடியும் அவளைப் பாம்புன்னு திட்டிடறான், அப்பதான் போறா. ஜன்னல் வழியா, நாகமா மாறி, கோட்டையைச் சுத்தி அலறிக்கிட்டே பறந்து போறா. ராத்திரியில மட்டும் வந்து கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்துட்டுப் போவாளாம். இந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இப்ப அரசியல். எழுதச் சொன்னது யாரு? பெர்ரி பிரபு ழான், பிரெஞ்சு அரசனோட தம்பியா இருந்தவர், இந்தக் கதை நேரத்துல இருந்த அரசனுக்குச் சித்தப்பா. நூறு வருஷப் போர்ல இங்கிலாந்துக்காரங்க கையில இருந்த லுசிஞான் கோட்டையை 1374-ல வாங்கினவர். லுசிஞான் வம்சம் ஜெருசலேம், சைப்ரஸ் வரை சிம்மாசனம் ஏறின வம்சம். அந்தக் கோட்டையை இப்ப வச்சிருக்கிற இவர் யாருன்னு கேள்வி வருமில்ல? கதையில மெலுசினோட பிள்ளைகள்ல ஒருத்தன் லக்சம்பர்க் பிரபு ஆகறான். பெர்ரி பிரபுவோட அம்மா பான், லக்சம்பர்க் குடும்பத்துப் பெண். ஆக பாம்புப் பாட்டி இவருக்கும் பாட்டி! அதுவும் போதாதுன்னு, கோட்டை கை மாறறதுக்கு முந்தி இங்கிலாந்துத் தளபதி கிரெஸ்வெல்லோட படுக்கையறையில ஒரு பெரிய பாம்பு வந்து நின்னுதுன்னு ழான் தாராஸ் எழுதி வைக்கிறாரு. காலி பண்ணச் சொல்லி வீட்டுக்கார அம்மாவே வந்தாச்சு. அதுக்கு மேல என்ன பத்திரம் வேணும்? லிம்பூர்க் சகோதரர்கள் பெர்ரி பிரபுவுக்காக வரைஞ்ச ஜெப நூல்ல, மார்ச் மாசப் பக்கத்துல லுசிஞான் கோட்டை இருக்கும். கோபுரத்துக்கு மேல பாருங்க, தங்க நிறத்துல ஒரு நாகம் பறக்கும். அவதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். கம்போடியாவுக்குப் போற வழியில தமிழ்நாடும் வரும்.

3-ம் நூற்றாண்டுல சீனத்தின் வூ அரசு அனுப்பின தூதர் காங் தாய், மீகாங் கழிமுகத்துல இருந்த ஃபூனான் நாட்டைப் பத்திக் குறிச்சு வச்சது, பிற்காலச் சீன நூல்கள்ல இருக்கு. ஹுன்தியன்னு ஒருத்தன் (கௌண்டின்யன் என்கிற பேரோட சீன உச்சரிப்புன்னு சொல்றாங்க) கனவுல தெய்வம் காட்டின வில்லோட கப்பல்ல வர்றான். அந்த நாட்டு ராணி கப்பலைக் கொள்ளையடிக்க வர, இவன் விட்ட அம்பு அவ படகைத் துளைக்க, ராணி பணிஞ்சுடறா. கல்யாணம் பண்ணிக்கிறான். அவ துணியில்லாம இருக்கான்னு உடுத்தவும் வைக்கிறான். இதுல பாம்பே இல்லை. ஆனா வியட்நாம்ல மீசோன் கோயில்ல சம்பா அரசன் பிரகாசதர்மன் 658-ல வெட்டின கல்வெட்டுல, கௌண்டின்யன் துரோணர் மகன் அசுவத்தாமன்கிட்ட வாங்கின ஈட்டியை நட்டு, நாகராஜன் மகள் சோமாவைக் கட்டிக்கிட்டான்னு வருது. ராணி நாககன்னி ஆயாச்சு. பிற்காலக் கெமர் கதையில மாமனார் நாகராஜா நிலத்தை மூடியிருந்த தண்ணியை எல்லாம் குடிச்சு, நாட்டையே சீதனமாக் கொடுத்துடறாரு. இன்னிக்கும் கெமர் கல்யாணத்துல மணப்பெண்ணோட மேலாடை நுனியைப் பிடிச்சுக்கிட்டு மாப்பிள்ளை பின்னாடி போற சடங்கு உண்டு. நாககன்னியோட வாலைப் பிடிச்சுக்கிட்டு அவ உலகத்துக்குப் போன கதையோட ஞாபகம் அது.

இது எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடற குறிப்பு ஒண்ணு இருக்கு. 1296-ல அங்கோருக்கு வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கின சீனர் சோ தாகுவான், ஊர் ஜனங்க சொன்னதா எழுதறாரு. அரண்மனையில ஒரு தங்கக் கோபுரம். அதுல ஒன்பது தலை நாகம், அதுதான் நாட்டு மண்ணுக்கே சொந்தக்காரர். ராத்திரியானா பெண்ணாக வரும். ராஜா முதல்ல அவளோட இருந்துட்டுத்தான் தன்னோட மனைவிகள்கிட்ட போகணும், பட்டத்து ராணி கூட அந்தக் கோபுரத்துக்குள்ள வர முடியாது. ஒரு ராத்திரி அவ வரலைன்னா ராஜாவுக்குச் சாவு. ராஜா போகலைன்னா நாட்டுக்குக் கேடு.

அம்மா சொன்னதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? ஹெராக்ளீஸ் ஒரு வில்லைக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டான். அங்கோர் ராஜா தினமும் போய் வாடகை கட்டணும். நான் படிச்ச கதைகள்ல நாகப் பெண் ஏமாறாத இடம் இது ஒண்ணுதான். இதே சோ தாகுவான் இன்னொண்ணும் சொல்றாரு. அப்போ இருந்த ராஜா, முந்தின ராஜாவோட மருமகன். மகள்தான் அப்பாவோட தங்க வாளைத் திருடிப் புருஷன்கிட்ட கொடுத்தாளாம். நாடு பெண் வழியா வர்றது வெறும் கதையில மட்டும் இல்லை போல.

தமிழ்நாட்டுக்கு வர்றேன். பல்லவர் வேலூர்பாளையம் செப்பேடு (9-ம் நூற்றாண்டு, மூணாம் நந்திவர்மன் காலம்), வீரகூர்ச்சன் நாகராஜன் மகளோட கையைப் பிடிச்சப்பவே அரச சின்னங்களையும் சேர்த்துப் பிடிச்சான்னு சொல்லுது. இதுக்கு மேல வெளிப்படையா ஒரு பத்திரம் எழுத முடியாது. பல்லவர் வெளியே இருந்து வந்தவங்களா, உள்ளூரா என்பது இன்னும் தீராத சண்டை, ஆரம்பச் செப்பேடுகள் எல்லாம் பிராகிருதத்துல. ராயக்கோட்டைச் செப்பேட்டுல கந்தசிஷ்யன் அசுவத்தாமனுக்கும் ஒரு நாகப் பெண்ணுக்கும் பிறந்தவன். ஆமாங்க, மீசோன்ல ஈட்டி கொடுத்த அதே அசுவத்தாமன்! பல்லவர் கதையையும் கம்போடியக் கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 1911-லயே கட்டுரை எழுதினவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ்.

ஆனா மணிமேகலையில வர்ற பீலிவளைதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சவ. நாகநாட்டு அரசன் வளைவணன் மகள். சோழனோட புகார்ச் சோலையில கொஞ்ச காலம் இருக்கா, சொல்லாமக் கொள்ளாமப் போயிடறா. அப்புறம் பிறந்த குழந்தையைக் கம்பளச் செட்டி கப்பல்ல அனுப்பி வைக்கிறா. கப்பல் கவிழ்ந்து குழந்தையைக் காணோம். மகனைத் தேடற துக்கத்துல சோழன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொண்டு போயிடுது. பாம்பு வால் பத்தி அதுல ஒரு பேச்சும் இல்லை, அவ முழு மனுஷிதான். அதே நூல்ல சாதுவன் கப்பல் உடைஞ்சு ஒதுங்கற தீவுல இருக்கிற நாகர்கள் துணியில்லாம இருக்கிறவங்க. ஃபூனான் ராணியும் அப்படித்தான்னு சீனத் தூதர் எழுதினாரு. கப்பல்ல வந்து இறங்கறவன் கண்ணுக்கு அங்கே ஏற்கனவே இருக்கிறவங்க முதல்ல அம்மணமாத் தெரியறாங்க, சில நூற்றாண்டு கழிச்சுப் பாம்பாத் தெரியறாங்கன்னு நான் நினைக்கிறேன். இது என் யூகம்தான், அடிக்க வராதீங்க.

தொண்டைமான் இளந்திரையன் பிறந்த கதையா நச்சினார்க்கினியர் சொல்றதும் கிட்டத்தட்ட இதே ரூட். அங்கே சோழன் பிலம் வழியா நாகலோகம் போறான், பிறந்த குழந்தை தொண்டைக் கொடியை அடையாளமாக் கட்டிக்கிட்டு அலையில வந்து சேருது. மணிமேகலையில தொலைஞ்ச குழந்தை, உரையில கரை சேர்ந்து ஒரு நாட்டையே வாங்கிடுச்சு.

துரோணர் மகன் அசுவத்தாமன், சாகாவரமும் சாபமுமாத் திரியறவன், அவன் எதுக்குக் காஞ்சியிலயும் மீசோன்லயும் வம்சம் ஆரம்பிச்சு வைக்க வர்றான்னு எனக்கு ஒரு தியரி இருக்கு. ஏற்கனவே பதிவு நீளமாயிடுச்சு, நாளைக்குக் காலையில ரிலீஸ் வேற. அதை அடுத்த பதிவுல பார்ப்போம்.

மனை விஷயம் கேட்பீங்க. பிளானை மாத்திட்டாங்க. போர்ட்டிகோ ரெண்டடி குறைஞ்சிருக்கு, கார் நிக்குமான்னு அப்பா டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்காரு.